பூக்காத பிளம்ஸ் மரமும் ஃபிரிட்ஜில் கறுத்த பழமும்: கேள்வி பதில்

மலையகத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பிளம்ஸ் பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கந்தப்பளையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மரம் வைத்து ஆறு வருடம். இலை மட்டும் செழிப்பு, பூ நாலைந்துதான். இந்தக் குளிர் போதாதா?

போதாது தம்பி. பிளம்ஸ் மொட்டின் உறக்கம் கலைய, சுமார் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணித்தியாலங்கள் சேர வேண்டும். சாண்டா ரோசா என்ற ரகத்துக்கு ஏறக்குறைய 300 மணித்தியாலம். ஐரோப்பிய ரகங்கள் பலவற்றுக்கு 700க்கும் மேல். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம்தான், தை மாசியில் உறைபனியும் விழும். ஆனால் நண்பகலில் 20 பாகைக்கு ஏறிவிடுகிறதே! இரவு சேர்த்ததில் ஒரு பகுதியைப் பகல் வெயில் அழித்துவிடும். யூரியா போட்டால் இன்னும் இலைதான் வரும்.

குறைந்த குளிரே போதும் என்ற ரகத்தை அதே மரத்தில் ஒட்டுவதுதான் வழி. புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் கல்ஃப் ரூபி அப்படி உருவாக்கப்பட்டது. நீலகிரியில் ருபியோ, காவியோட்டா என்ற ரகங்கள் காய்க்கின்றன. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் பத்து (Batu) என்ற ஊரில் ஆப்பிள் மரத்து இலைகளைக் கையால் உருவிவிட்டுப் பூக்க வைக்கிறார்கள். ஆசையிருந்தால் ஒரே ஒரு கொப்பில் மட்டும் செய்து பாருங்கள்.

ராகலை அக்கா: எங்கள் மரம் நிறையப் பூக்கிறது. ஆனால் ஒரு பிஞ்சுகூடப் பிடிப்பதில்லை.

ஒற்றை மரமா அக்கா? ஜப்பானிய பிளம்ஸில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. அதே காலத்தில் பூக்கும் இன்னொரு ஜப்பானிய ரகம் பக்கத்தில் வேண்டும். ஐரோப்பிய ரகம் உதவாது. அதற்கு 48 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்), இதற்கு 16, இரண்டும் பொருந்தாது. இடமில்லையென்றால் அதே மரத்தில் ஒரு கொப்பு ஒட்டிவிடுங்கள். பூக்கும் வாரம் முழுக்க மழையென்றால் தேனீ வராது, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பண்டாரவளை கடைக்காரர்: இறக்குமதிப் பழத்தை மூன்று வாரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். வெளியே பளபளப்பு, வெட்டினால் கொட்டையைச் சுற்றிப் பழுப்பு, சதை மாவு மாதிரி. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை ஐயா, உங்கள் ஃபிரிட்ஜ்தான் காரணமாக இருக்கும். பிளம்ஸுக்கு 2 முதல் 8 பாகைதான் பொல்லாத இடம். சாதாரண ஃபிரிட்ஜ் 4, 5 பாகையில் ஓடுகிறது. அங்கே வாரக்கணக்கில் கிடந்தால் செல் சுவரைக் கரைக்கும் நொதிகள் தாறுமாறாகிச் சாறு கூழாக உறையும், சதை கறுக்கும். வெளியே எடுத்து வைத்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். பெரிய களஞ்சியங்களில் 0 பாகையை ஒட்டி, 90 முதல் 95 சதவீத ஈரப்பதத்தில் வைக்கிறார்கள். 5 பாகையை விட 0 நல்லது என்பதைப் பலர் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. உங்களுக்கு அந்த வசதி இல்லாததால் குறைவாக வாங்குங்கள். வெளியே பழுக்க வைத்து, பழுத்ததை மட்டும் மூன்று நான்கு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அட்டன் தங்கை: பச்சையாகப் பறித்து வாழைப்பழத்தோடு மூடி வைத்தால் இனிக்குமா?

நிறம் மாறும், மென்மையாகும், புளிப்பும் கொஞ்சம் குறையும். அதெல்லாம் வாழைப்பழம் விடும் எத்திலீன் செய்கிற வேலை. இனிப்பு மட்டும் ஏறாது. வாழைக்காய் போல மாவைச் சேர்த்து வைத்துப் பிறகு சீனியாக்கும் பழமில்லை இது. சீனி மரத்திலிருந்தே வர வேண்டும். ரகத்துக்குரிய நிறம் ஏறிய பிறகு, கை அமுக்கத்துக்குச் சற்று இணங்கும்போது பறியுங்கள். பழ ஈ முந்திவிடும் என்று பயமென்றால் காய்க்குக் கடதாசிப் பை கட்டுங்கள்.

வெலிமடைத் தம்பி: கனடாவிலிருந்து மாமா வருகிறார். பெட்டியில் நாலு ஒட்டுக்குச்சி கொண்டுவரச் சொல்லவா?

வேண்டவே வேண்டாம். பிளம் பொக்ஸ் என்ற வைரஸ் குச்சியோடு வரும், பிறகு அசுவினிப் பூச்சி பரப்பும். பிடித்த மரத்துக்கு மருந்து கிடையாது, வெட்டி எரிப்பதுதான். ஒன்டாரியோவில் இருக்கும் நோய் இது. முறைப்படி அனுமதி எடுத்து, கட்டுநாயக்கவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுநீக்கல் நிலையம் வழியாகக் கொண்டுவரலாம். முதலில் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

அதே தம்பி: அப்போ கொட்டையை முளைக்க வைக்கலாமா?

வைக்கலாம், தாய் மரம் மாதிரி வராது என்று தெரிந்துகொண்டு. ஈர மணலில் புதைத்து இரண்டு மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பழத்தைக் கெடுக்கும் அந்த 4 பாகை கொட்டைக்குத் தோதானது. முளைத்த கன்றை ஒட்டுக்கு அடிமரமாக வைத்துக்கொள்ளுங்கள்.