காரீயம் கடல் சேர்ந்த வழி: கேள்வி பதில்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஈய வாணிகம் பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. சொம்பு வெள்ளீயம். இது காரீயம், விஷம். சமையல்கட்டுப் பக்கமே வரக்கூடாது.

கேள்வி: நடு இங்கிலாந்து மாவட்டமான டார்பிஷயரில் யார் வேண்டுமானாலும் ஈயம் தோண்டலாமாமே?

பதில்: அரசருக்கு உரிமை இருந்த பகுதிகளில் அடுத்தவர் நிலத்திலும் தேடலாம். தோட்டம், பழத்தோப்பு, கல்லறைத் தோட்டம், பெருவழி மட்டும் விலக்கு. தாதுவை நிறுக்கவில்லை, படி அளப்பது போல அளந்தார்கள். அந்த அளவைக்கு மூலமான 1513ஆம் ஆண்டு வெண்கலத் தொட்டி வர்க்ஸ்வொர்த் ஊரில் இன்றும் இருக்கிறது. சுரங்கக்காரர்களின் மரத்தொட்டிகளை அதை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். 13 தொட்டிக்கு ஒன்று அரசர் பங்கு. ஏழைத் தொழிலாளிக்கும் அளவு ஒன்றே என்பதற்கு அந்தத் தொட்டி சாட்சி. எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு.

கேள்வி: அவ்வளவு கனத்தை மலையிலிருந்து எப்படி இறக்கினார்கள்?

பதில்: இந்த வாணிகத்தின் உயிர்நாடியே அதுதான். பொதிக்குதிரை ஒன்று சுமார் 100 கிலோ தூக்கும். ஈயம் விலை பேசிய அலகு ‘ஃபொதர்’. ஏறக்குறைய ஒரு டன். ஆக ஒரு ஃபொதருக்குப் பத்துக் குதிரை! அந்த ஃபொதரும் ஊருக்கு ஊர் வேறு: லண்டனில் பத்தொன்பதரை அந்தர் (ஓர் அந்தர் சுமார் 51 கிலோ), டார்பிஷயரில் இருபத்திரண்டரை. எந்த ஊர்க் கணக்கு என்று கேட்காமல் வாங்கினால் நஷ்டம்தான்.

குதிரைகள் செஸ்டர்ஃபீல்ட் வழியாக பாட்ரி போகும். அங்கே ஐடில் ஆற்றில் படகு, அப்புறம் டிரென்ட் ஆறு, கடைசியில் ஹல் துறைமுகம். 1721இல் டார்பி ஊர் வரை டெர்வென்ட் ஆற்றில் படகு விட வழி பிறந்தது. 1777இல் செஸ்டர்ஃபீல்ட் கால்வாய் முழுதும் திறந்ததும் பாட்ரியின் படகுத்துறை களையிழந்தது.

கேள்வி: ஹல்லிலிருந்து எங்கே?

பதில்: லண்டன், ஆம்ஸ்டர்டாம். கூரைத்தகடு, குழாய், துப்பாக்கிக் குண்டு, வெள்ளை வர்ணம் எல்லாவற்றுக்கும் ஈயம் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்து ஈயத்தை சீனத்துக் கான்டன் துறைமுகத்துக்கும் கொண்டுபோய் விற்றது. சீனத் தேயிலைப் பெட்டிகளின் உட்புறம் ஈயத்தகடுதான்.

கேள்வி: ஈயச் சுரங்கங்கள் இருந்த வட இங்கிலாந்தின் பென்னைன் மலையில் குதிரைகளுக்கு வாய்க்கூடு கட்டினார்களாம். ஏன்?

பதில்: உருக்காலைப் புகையும் தாதுத் தூசியும் வழியோரப் புல்லில் படியும். மேய்ந்தால் குதிரை நோய்ப்பட்டுச் சாகும். இந்த நோயை டார்பிஷயரில் ‘பெலண்ட்’ என்றார்கள். மனிதருக்கும் அதே பெயர்தான். ஆனால் உலையடியில் நின்றவனுக்கு யாரும் வாய்க்கூடு கட்டவில்லை.