அமெரிக்காவில் பழைய வீடு வாங்கும்போது ஹோம் இன்ஸ்பெக்டர் எதையெல்லாம் பார்ப்பார்?

நியூ ஜெர்சியில் 1956ஆம் ஆண்டு கட்டப்பட்ட வீடொன்றை நாங்கள் 2019இல் வாங்கினோம். வாங்குவதற்கு முன் வீட்டின் குறைகளைக் கண்டறியும் ஆய்வு நடந்த மூன்றரை மணி நேரமும் நான் இன்ஸ்பெக்டரின் கூடவே நடந்தேன். அங்கே மாநில உரிமம் பெற்றவர்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். அவருக்குக் கூலி கொடுப்பது வாங்குகிற நாம்தான். கண்ணுக்குத் தெரிவதையும் கைக்கு எட்டுவதையும் மட்டுமே அவர் பார்ப்பார்; சுவரை உடைக்கமாட்டார், மண்ணைத் தோண்டமாட்டார். இந்த எல்லையை அறியாமல், அறிக்கையில் இல்லாத குறை வீட்டிலும் இல்லை என்று நம்பிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த பலர் செய்த தவறு.

எங்கள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வெளிப்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுவரை ஒட்டிய மண், முதல் பத்தடிக்குள் குறைந்தது ஆறு அங்குலமாவது வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும் என்றார். ஒரு மூலையில் கூரைநீர்க் குழாய் நேரே சுவரின் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு பேஸ்மென்டுக்கு (தரைமட்டத்துக்குக் கீழே உள்ள தளத்துக்கு) இறங்கியபோது, அதே மூலையில் நீர் கசிந்ததன் அடையாளமாக உட்சுவரில் உப்புப் பூத்திருந்ததைக் காட்டினார். குழாயை ஆறடி நீட்டி, மண்ணை மேடாக்கினால் போதும் என்று அவர் சொன்னது பின்னர் சரியாகவே இருந்தது. கான்கிரீட்டில் மேலிருந்து கீழாக ஓடும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் அது உலர்ந்து சுருங்கியதால் வருவது. ஆனால் கான்கிரீட் கற்களை அடுக்கிக் கட்டிய பிளாக் சுவரில் கிடைமட்டமாக ஓடும் விரிசல், வெளிமண் சுவரை உள்நோக்கித் தள்ளுவதன் அடையாளம் என்பதால், அதைக் கண்டால் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்கச் சொல்வார்கள்.

கூரையின் மேல் வேய்ந்த ஷிங்கிள் தகடுகளின் வயது, குளியலறை ஈரக்காற்று பரணுக்குள் விடப்படுகிறதா என்பது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு ஆகியவற்றையும் வரிசையாகப் பார்த்தார். மின்சாரப் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஒரே பிரேக்கரில் இரண்டு கம்பிகள் சொருகப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அதைச் சரிசெய்வது சில நூறு டாலரில் முடிகிற வேலை.

பெரிய செலவுகள் ஒளிந்திருப்பது வழக்கமான ஆய்வுக்கு வெளியேதான். ரேடான், கரையான், கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா, வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைச் சேமிக்க ஒரு காலத்தில் புதைத்த நிலத்தடித் தொட்டி ஆகியவற்றுக்குத் தனியாகக் கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்ல வேண்டும். மண்ணிலுள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் ரேடான் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அமெரிக்காவில் புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது அதுதான். சன்னல்களைச் சாத்தி, குறைந்தது 48 மணி நேரம் கருவியை வைத்து அளப்பார்கள். ஒரு லிட்டர் காற்றில் 4 பிக்கோகியூரியோ (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அதற்கு மேலோ இருந்தால், தரைக்கு அடியிலிருந்து வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடும் குழாயும் விசிறியும் பொருத்த வேண்டும். 1978க்கு முன் கட்டிய வீடென்றால் ஈயம் கலந்த பெயின்டைச் சோதிக்க மத்திய சட்டம் 10 நாள் அவகாசம் தருகிறது. சிறு குழந்தைகள் இருப்பவர்கள் அதை விட்டுவிடக்கூடாது.

எண்ணெய்த் தொட்டிதான் எங்களை உண்மையில் காப்பாற்றிய சோதனை. வீடு எப்போதோ எரிவாயுவுக்கு மாறியிருந்தது. ஆனால் பக்கச் சுவரோரம் பழைய இரும்புக் குழாய் ஒன்று தலைநீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, தொட்டியைத் தேடிப் பார்க்கும்படி இன்ஸ்பெக்டர் சொன்னார். உலோகம் காணும் கருவியுடன் வந்தவர் அரை மணி நேரத்தில் புல்தரைக்கு அடியில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். துருப்பிடித்து ஒழுகியிருந்தால் மண்ணைச் சுத்தப்படுத்தப் பல்லாயிரம் டாலர் ஆகலாம், வாங்கிய பிறகு அந்தப் பொறுப்பு நம் தலையில் விழும், சாதாரண வீட்டுக் காப்பீடும் பெரும்பாலும் அதற்குக் கைகொடுக்காது.

போட்டி மிகுந்த காலங்களில் ஆய்வையே விட்டுக்கொடுக்கும்படி ஏஜென்ட்கள் யோசனை சொல்வார்கள். பழைய வீட்டுக்கு அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பேரம் பேசும்போது கதவுக் கைப்பிடி, பெயின்ட் போன்றவற்றைப் பட்டியலில் சேர்க்காமல், தொட்டி, ரேடான், மின்சாரப் பெட்டி ஆகிய மூன்றை மட்டும் சரிசெய்து தரும்படி கேட்டோம். விற்றவர் நகராட்சி அனுமதியுடன் தொட்டியைத் தோண்டி எடுத்து, மண் சோதனை அறிக்கையையும் கொடுத்த பிறகே கையெழுத்திட்டோம். நாளை நாங்கள் விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாள்களைத்தான் என்பதால், வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறோம்.