நுரையீரல் ரிப்போர்ட்டில் 'கல்லீரல்' எங்கிருந்து வந்தது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 74. நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. மரபணுப் பரிசோதனையில் 'மெட் எக்ஸான் 14 ஸ்கிப்பிங்' என்று வந்ததால் கீமோவுக்குப் பதில் காப்மடினிப் மாத்திரை தருகிறார்கள். மெட் என்பது 'கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணி'யோடு சம்பந்தப்பட்டது என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. நோய் ஈரலுக்குப் போய்விட்டதா? ஆட்டு ஈரல் கொடுப்பதை நிறுத்தவா? கீழாநெல்லி கொடுக்கலாமா? மூன்று வாரமாகக் கால் வேறு வீங்குகிறது. மாத்திரையை நிறுத்திவிடவா? – வாசகி, தென்காசி

பதில்: அந்த வரிக்கு நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று அர்த்தமே இல்லை. பரவியிருக்கிறதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். இது கட்டியின் செல்லுக்குள் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது.

பெயர்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. எலியின் ஈரலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தாலும் மீதி வளர்ந்துவிடும். அப்படி வெட்டிய எலிகளின் ரத்தத்தில் ஈரல் செல்களைப் பெருகவைக்கும் ஏதோ ஒன்று இருப்பதை 1984-இல் ஜப்பானில் டோஷிகாசு நகமுராவின் குழு காட்டியது. அதனால் அந்தப் பெயர். அதே காலத்தில் பிரிட்டனில் மைக்கேல் ஸ்டோக்கர் வேறொரு பொருளைக் கண்டார். ஒட்டிக்கொண்டு கூட்டமாக இருக்கும் செல்கள்மேல் அதை விட்டால் பிரிந்து சிதறி நகர ஆரம்பித்தன. படிக்கிற காலத்தில் நான் இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். முதல் நாள் தோசை மாதிரி வட்டமாக ஒட்டியிருந்த கூட்டம், மறுநாள் காலையில் தனித்தனியாக, கைகால் நீட்டியது போலக் கிடந்தது. இரண்டும் ஒரே பொருள் என்பது 1991 வாக்கில் உறுதியானது. ஈரல் என்பது அது முதலில் கண்ணில் பட்ட இடம், அவ்வளவுதான். நுரையீரல், சிறுநீரகம், தோல் என்று பல இடங்களில் அதற்கு வேலை இருக்கிறது.

அது வந்து ஒட்டும் ஏற்பிதான் மெட். செல்லின் மேல்தோலில் பாதி வெளியே, பாதி உள்ளே நிற்கும். வெளியே காரணி ஒட்டியதும் இரண்டு மெட் சேர்ந்துகொண்டு, உள்பக்கத்தில் ஒன்றுக்கொன்று டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றிவிடும். டைரோசின் கைனேஸ் என்பது இந்த வேலையைச் செய்யும் பகுதிக்குத்தான் பெயர். அதிலிருந்து 'பெருகு, நகரு, சாகாதே' என்ற செய்தி உள்ளே போகும். காயம் ஆறுவதற்கும், ஈரல் தானம் செய்தவருக்கு ஈரல் திரும்ப வளர்வதற்கும் இது வேண்டும்.

வேலை முடிந்தால் நிறுத்த வேண்டுமே? மெட்டில் 1003-ஆவது இடத்தில் இருக்கும் ஒரு டைரோசினை சிபிஎல் என்ற புரதம் பிடித்து, ஏற்பியையே உள்ளே இழுத்துச் சிதைக்க அனுப்பும். அந்தப் பிடி, மெட் மரபணுவில் எக்ஸான் 14 என்ற துண்டில்தான் இருக்கிறது. அப்பாவின் கட்டியில் அந்தத் துண்டு விட்டுப்போய்விட்டது, 'ஸ்கிப்பிங்' என்பது அதுதான். தொட்டி நிரம்பிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருப்பது போல. மோட்டாரில் கோளாறு இல்லை, அணைக்க வழியில்லை. நுரையீரல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இப்படி இருக்கும், பெரும்பாலும் வயதானவர்கள்.

காப்மடினிப் அந்தக் கைனேஸின் குழியில் போய் உட்கார்ந்து மோட்டாரின் கரண்டை நிறுத்துகிறது. அமெரிக்காவில் 2020-இல் அனுமதி பெற்றது. முதல் மருந்தாகவே இதைச் சாப்பிட்டவர்களில் மூன்றில் இருவருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியதாக ஆய்வில் தெரிந்தது. நான்காம் நிலையில் இது நோயைக் கட்டிவைக்கும், ஒரேயடியாகப் போக்காது. மாத்திரை உடம்பில் இருக்கும் வரைதான் மோட்டார் நிற்கும். அதனால்தான் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கால் வீக்கம் இந்த மருந்துக்கு மிக வழக்கமானது. கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் ஐந்து நொடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்புகிறதா என்று பாருங்கள். தினமும் காலையில் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை கொண்டுபோங்கள். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கட்டும், ஊறுகாய், அப்பளம் குறையட்டும். தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைப்பார். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தாலோ, புதிதாக மூச்சிரைப்பு, வறட்டு இருமல், காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இந்த மருந்தால் நுரையீரலிலேயே அழற்சி வரலாம், அதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆட்டு ஈரல் தாராளமாகக் கொடுங்கள், நன்றாக வேகட்டும். நாம் சாப்பிடும் ஈரல் வயிற்றில் செரித்துச் சாதாரணப் புரதமாகத்தான் போகும், கட்டியை வளர்க்காது.

கீழாநெல்லி மட்டும் இப்போது வேண்டாம். இந்த மாத்திரை ஈரல் என்சைம்களைக் கூட்டக்கூடியது. அதனால்தான் முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கச் சொல்கிறோம். நடுவில் இன்னொன்றும் உள்ளே போனால், எண்கள் ஏறும்போது எதனால் ஏறியது என்று கண்டுபிடிக்க முடியாமல் நல்ல மருந்தை நிறுத்த வேண்டிவரும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

அப்புறம், அப்பா தோட்டத்துக்குப் போகிறவராக இருந்தால் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டும் கட்டாயம். இந்த மருந்து சாப்பிடும்போது வெயில் தோலைச் சீக்கிரம் சுட்டுவிடும்.