பின்பாட்டுக்கு ஆள் வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாதம் ஒரு மாலை ஊர்ப் பாட்டுகளைப் பாடக் கூடலாம் என்று எங்கள் ஊர் இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறோம். திருவையாறு பக்கம் நீங்கள் நடத்தும் பாட்டுக் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம். மேடைக்கும் மைக் செட்டுக்கும் பணம் திரட்ட வேண்டுமா?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: இரண்டுமே வேண்டாம். நாலைந்து ஜமக்காளமும் ஓர் அண்டா சுக்குக் காப்பியும் போதும். நடவுப் பாட்டானாலும் கும்மியானாலும் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவதுதான் முறை. மைக்கை ஒருவர் கையில் கொடுத்தால் அவர் பாடகி ஆகிவிடுவார். மற்றவர்கள் கைதட்ட வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். பின்பாட்டு இல்லாத நடவுப் பாட்டைக் கேட்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. வட்டமாக உட்காருங்கள். பாடவே தெரியாது என்பவருக்கும் 'ஏலேலோ' வாங்கத் தெரியும்.

இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நடவுப் பாட்டை வளர்த்தவர்கள் கூலிக்கு நட்ட பெண்கள்; அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அவர்கள் படியேறத் தயங்கும் திண்ணையில் கூட்டத்தை வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. நெல் அடிக்கும் களம், பள்ளிக்கூட வராந்தா என்று எல்லோரும் கூசாமல் வந்து உட்காரும் இடமாகப் பாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கும் ஆண்டென்றால் அதை ஒட்டிக் குறுவை வேலை நெருக்கும். அப்போது தொடங்காதீர்கள். சம்பா அறுவடை முடிந்து ஊர் மூச்சு விடும் மாசியில் தொடங்குங்கள்.

கேள்வி: என் அம்மா இளவயதில் நடவுக்குப் போனவர். பாடச் சொன்னால் எல்லாம் மறந்துவிட்டது என்கிறார்.
– வாசகி, வலங்கைமான்

பதில்: மறந்திருக்காது. நாற்று முடியை இடக்கையில் பிடித்து, வலக்கையால் பிரித்துச் சேற்றில் ஊன்றி, ஓரடி பின்னால் வைத்து நகர்ந்தபடியே பாடிய பாட்டு அது. நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் எப்படி வரும்?

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பாட்டியம்மா வெகுநாள் வாய் திறக்கவில்லை. ஒருநாள் அவர் முன்னால் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவக் கொடுத்தோம். இரண்டு மூன்று காம்பு உருவியதும் முனகல் கேட்டது. முறம் நிறைவதற்குள், சனிமூலையில் முதல் முடி வைப்பதில் தொடங்கி, வரப்பில் நிற்கும் பண்ணைக்காரரைக் கேலி செய்து, பொழுது சாயக் கூலி கேட்பது வரை முழுப் பாட்டும் வந்துவிட்டது. நடுவில் கை நின்றபோது பாட்டும் நின்றது. அடுத்த அடி என்னவென்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் இன்னொரு கொத்துக் கீரையை எடுத்தார், அடியும் வந்தது.

உங்கள் அம்மாவுக்கும் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். சம்மதம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். போனை முகத்துக்கு நேரே நீட்டாமல் ஓரமாக வையுங்கள். அன்றே எழுதியும் வையுங்கள். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி நாட்டுப் பாடல்களைத் திரட்டி வைத்திருந்ததால்தான் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 'மலையருவி' என்ற நூலாக வெளியிட முடிந்தது. உங்கள் அம்மாவின் பாட்டைத் திரட்ட வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை, நீங்கள் இருக்கிறீர்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட கூட்டத்தில் ஒப்பாரி பாடலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பாடலாம், வீட்டுக்குள் வேண்டாம். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுக்கக் கூடாது என்று நினைக்கும் பெண்கள் பலர். அந்தத் தயக்கத்தை மதியுங்கள். வெளியே களத்தில் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அண்மையில் துக்கம் கண்டவர் யாராவது வந்திருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். ஒப்பாரியோடு கூட்டத்தைக் கலைக்காதீர்கள், அதன் பிறகு ஒரு கும்மியாவது அடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

கேள்வி: பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் பாடினால் தடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தடுக்காதீர்கள். அடுத்த கும்மிக்குப் பின்பாட்டு அவர்கள் பொறுப்பு என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் நடவுக்கு மேற்கு வங்க ஆட்கள் வருகிறார்கள். அவர்களையும் அழைக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அவசியம் அழையுங்கள். நம் வயலில் நம் சோற்றுக்கு நடுகிறவர்கள் அவர்கள். மொழி புரியாவிட்டாலும் திரும்பத் திரும்ப வரும் அடியை நம் பெண்கள் இரண்டாம் முறையே பிடித்துக்கொள்வார்கள். விடியுமுன் வயலில் இறங்க வேண்டியவர்கள் என்பதால் அவர்களை முதலில் பாடவிட்டு, சாப்பாடு போட்டு, நேரத்தோடு அனுப்பிவையுங்கள்.