1971 போரில் பங்கேற்ற பழைய ஐ.என்.எஸ். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலை ஏன் உடைத்து விற்றார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், பராமரிக்கப் பணம் போட யாரும் முன்வரவில்லை.

(2022இல் கொச்சியில் சேவைக்கு வந்தது அதே பெயர் கொண்ட புதுக் கப்பல். அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பழைய விக்ராந்த் பிரிட்டனில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட கப்பல். 1945இல் நீரில் இறக்கப்பட்டது. உலகப் போர் முடிந்ததால் வேலை பாதியில் நின்றது. 1957இல் இந்தியா வாங்கி, கட்டி முடித்து, 1961 மார்ச்சில் கடற்படையில் சேர்த்தது.

1965 போரின்போது பழுதுபார்ப்பில் இருந்ததால் அது களம் காணவில்லை. 1971இலும் ஒரு கொதிகலனில் விரிசல். முழு வேகம் எடுக்க முடியாது. விமானங்கள் மேலெழக் கப்பல் காற்றை எதிர்த்து விரைய வேண்டும் என்பதால் இது பெரிய சிக்கல். இருந்தும் அதன் சீ ஹாக் விமானங்கள் இன்றைய வங்கதேசத்தின் சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கின. அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, விசாகப்பட்டினம் அருகே மூழ்கியது. அதை மூழ்கடித்தது யார் என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை.

1997 ஜனவரியில் ஓய்வு. பிறகு மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. உப்புநீர் அடித்தட்டை அரித்தது. பாதுகாப்பில்லை என்று 2012இல் மூடினார்கள். மகாராஷ்டிர அரசும் நிதிச்சுமையைக் காரணம் காட்டி ஒதுங்கியது. ஏலத்தில் சுமார் 60 கோடிக்குப் போனது. தடை கேட்டவர்களின் வழக்கு 2014 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. அந்த ஆண்டு இறுதியிலேயே உடைக்கத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால், 1997இலேயே தரைக்கு ஏற்றியிருந்தால் தப்பியிருக்கும். அதன் இரும்பில் கொஞ்சத்தை பஜாஜ் வாங்கி, வி15 பைக்கின் பெட்ரோல் டேங்கில் சேர்த்தது.