வக்கீலம்மா பதில்கள்: கோவில்பட்டியிலிருந்து ஓசூர்

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். எனக்கு 33 வயது. பி.காம். படித்துவிட்டு கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். மகள் ஐந்தாம் வகுப்பு. கணவர் குடித்துவிட்டு அடிப்பவர். போன ஆடியில் மண்டை உடைந்து தையல் போட்ட பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணனும் மதினியும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் வீடு சின்னது. அவரும் வாரத்துக்கு ஒரு தடவை தெருவில் வந்து நின்று சத்தம் போடுகிறார். கூடப் படித்த தோழி ஓசூரில் இருக்கிறாள். அவள் கம்பெனியில் கணக்குப் பிரிவில் 18,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை இருக்கிறது. போனால் "புருஷனை விட்டு ஓடியவள்" என்று கோர்ட்டில் சொல்வேன், மகளைக் கடத்தியதாகக் கேஸ் போடுவேன் என்கிறார் அவர். பள்ளிக்கூடத்தில் டி.சி. கொடுக்கக் கூடாது என்றும் சொல்லி வைத்திருக்கிறார். தாய்மாமாவோ, விவாகரத்து வாங்கிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ என்கிறார். கேஸ் என்று வந்தால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஓசூரிலிருந்து கோவில்பட்டிக்கு வரவேண்டுமா? கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. நகை எல்லாம் மாமியார் பீரோவில்.
பெயர் வேண்டாம், கோவில்பட்டி.

பதில்: போங்கள். மாமா சொல்கிறபடி தீர்ப்புக்குக் காத்திருந்தால் மகள் ப்ளஸ் டூ முடித்துவிடுவாள். சம்மதத்தோடு பிரிவதற்கே ஒரு வருடம் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் கணவர் சம்மதிக்கிற ஆளாகத் தெரியவில்லை. ஆக, வேலை முதலில், வழக்கு அதன் பின்னால்.

வாய்தாவைப் பற்றிய பயம் வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தில் 2003-இல் ஒரு திருத்தம் வந்தது. மனைவி மனு போடுவதாக இருந்தால், அவள் இப்போது குடியிருக்கிற ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். ஜீவனாம்ச மனுவும் அப்படித்தான். குடும்ப வன்முறைச் சட்டத்தில் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர்கூடப் போதும். உங்களை முந்திக்கொண்டு அவர் கோவில்பட்டியில் "சேர்ந்து வாழ வேண்டும்" என்று மனு போட்டால், அதை ஓசூர்ப் பக்கம் மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். இப்படிப்பட்ட மனுக்களில் மனைவியின் சௌகரியத்தைத்தான் நீதிமன்றங்கள் பொதுவாக முதலில் பார்க்கும். (கிறிஸ்தவத் திருமணமாக இருந்தால் 2003 திருத்தம் பொருந்தாது. தூத்துக்குடி மாவட்டத்தில் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்று சொல்லிவைக்கிறேன்.)

"ஓடியவள்" பேச்சுக்கு வருவோம். தக்க காரணம் இல்லாமல் இரண்டு வருடம் தொடர்ந்து விட்டுப் போயிருந்தால்தான் சட்டம் அதைக் கைவிடுதல் என்று எடுத்துக்கொள்ளும். மண்டையில் தையல் போட்டது தக்க காரணம். தையல் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே? இருந்தால் லேமினேட் செய்யாமல் அப்படியே கவரில் வையுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே போய் நகல் கேளுங்கள். தெருவில் வந்து சத்தம் போடுகிறாரே, அதற்கு ஸ்டேஷனில் ஒரு மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் எதுவும் நிற்காது.

கடத்தல் கேஸும் அப்படித்தான். நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாதபோது பெற்ற தாய் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்வது கடத்தல் ஆகாது. ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: மகளைக் கேட்டு அவர் ஏற்கெனவே எங்காவது மனு போட்டு, உங்களுக்குச் சம்மன் வந்திருக்கிறதா? வந்திருந்தால் நீதிபதியிடம் சொல்லாமல் ஊர் மாறக் கூடாது. வரவில்லை என்றால் தடையில்லை. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகப் போகாதீர்கள். "வேலை கிடைத்திருக்கிறது, மகளை ஓசூர்ப் பள்ளியில் சேர்க்கிறேன், இந்த எண்ணில் அவளோடு பேசலாம்" என்று நாலு வரி எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதில் அனுமதி கேட்காதீர்கள், திட்டவும் வேண்டாம். அடிக்கிற ஆள் என்பதால் வீட்டு முகவரியும் வேண்டாம், ஊர்ப் பெயர் போதும். நாளைக்கு ஒளித்து வைத்தாள் என்று சொன்னால் அந்த ரசீது பேசும்.

டி.சி. விஷயத்தில் உங்களுக்கு நல்ல காலம். ஐந்து முடிந்து ஆறாம் வகுப்புக்கு எப்படியும் பல பிள்ளைகள் பள்ளி மாறுவார்கள். அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ ஆனால், டி.சி.யை உடனே கொடுக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம். டி.சி. தாமதமாகிறது என்று புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். எமிஸ் என்கிற அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது புதுப் பள்ளி எடுத்துக்கொள்கிற பொதுப் பட்டியலுக்கு, விடச் சொல்லவும் மறக்காதீர்கள். அதை விடாவிட்டால் ஓசூர்ப் பள்ளியில் பதிவேற்ற முடியாமல் இழுபடும். பரீட்சை முடிந்து மே மாதத்தில் மாறுவது பிள்ளைக்கு நல்லது.

சட்டம் இவ்வளவுதான். எனக்குக் கவலை வேறு. மகள் நாலு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்துவிடுவாள், நீங்கள் ஆறரைக்கு வருவீர்கள். நடுவில் அவளோடு யார்? அம்மா வீட்டில் இந்தக் கேள்வியே எழவில்லை, அம்மாச்சி இருந்தார். ஓசூரில் எழும். அதனால் வீட்டைக் கம்பெனிக்குப் பக்கத்தில் பார்க்காதீர்கள், பள்ளிக்குப் பக்கத்தில் பாருங்கள். சிப்காட் கம்பெனிகளில் பல ஆட்களுக்கு வண்டி விடுகின்றன. அது உங்களை ஏற்றிக்கொள்ளும், மகளை ஏற்றாது. தெருவிலேயே டியூஷன் எடுக்கிற ஓர் அக்கா இருந்தால் வாடகை 500 ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. வேலையில் சேருமுன் ஜெனரல் ஷிப்ட் மட்டும்தானா, மாதக் கடைசியில் ராத்திரி உட்காரச் சொல்வார்களா என்று தோழியிடம் கேட்காதீர்கள், கம்பெனி எச்.ஆரிடம் கேளுங்கள். தோழிக்கு நீங்கள் வரவேண்டும் என்ற ஆசை, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள்.

முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ் கோவில்பட்டியில் நின்று ஓசூர் வழியாகத்தான் போகிறது. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், கோவில்பட்டி வெயிலில் வளர்ந்தவருக்கு அந்தக் குளிர் புதுசு. கடைத்தெருவில் தெலுங்கும் கன்னடமும் கேட்டு மிரள வேண்டாம், தெற்கத்தி ஆட்கள் அங்கே ஏராளம்.

வீட்டுக்காரர்கள் "சார் எங்கே?" என்று கேட்பார்கள். துபாயில் இருக்கிறார் என்று கதை விடாதீர்கள். அந்தக் கதையைப் பத்து வயதுப் பிள்ளையும் சேர்ந்து சுமக்க வேண்டிவரும், என்றாவது ஒருநாள் மாடிப்படியில் உளறி மாட்டிக்கொள்ளும். "நாங்கள் பிரிந்திருக்கிறோம், நானும் மகளும்தான்" என்று ஒரே வரியில் முடியுங்கள். சிலர் வீடு இல்லை என்பார்கள். அப்படிப்பட்டவர் வீட்டில் குடியேறாமல் தப்பித்தீர்கள். தோழி வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தங்காதீர்கள், அவளுக்கும் ஒரு மாமியார் இருப்பார்.

40,000 போதாது. அட்வான்ஸ், முதல் வாடகை, ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு பாய், சீருடை, செருப்பு. சம்பளம் வருவதற்குள் கரைந்துவிடும். அண்ணனிடம் 25,000 கடனாக, எழுதிக் கொடுத்து வாங்குங்கள். சும்மா வாங்கினால் மதினியிடம் பேச்சு வாங்க நேரும். நகைக்குக் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து ஒரு பட்டியல் போடுங்கள். சீதனம் மனைவியின் சொத்து, கணவர் வீட்டார் வைத்திருப்பது காவலுக்குத்தான் என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்ப வன்முறை மனுவிலேயே நகையையும் கேட்கலாம். வேலைக்குப் போவதால் மட்டும் ஜீவனாம்சம் போய்விடாது, மகளுக்கு உள்ளதும் போகாது. வக்கீல் பீஸுக்குப் பயப்படாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்பது 1987-ஆம் வருடச் சட்டம். 15100-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

அப்புறம், உங்கள் செல்போன் சிம் யார் பெயரில் இருக்கிறது? கணவர் பெயரில் என்றால் இன்றைக்கே புது சிம் வாங்கி, வங்கியிலும் ஆதாரிலும் எண்ணை மாற்றுங்கள். ஓ.டி.பி. அவர் கைக்குப் போகிற வரைக்கும் நீங்கள் ஊர் மாறியதாகவே அர்த்தமில்லை. ரேஷன் கார்டை வைத்துத் தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் வாங்கலாம்தான், ஆனால் அந்த மாதச் சரக்கை அவர் கோவில்பட்டியில் வாங்கிவிட்டால் உங்களுக்கு ஓசூரில் கிடையாது. பெயர் நீக்கத்துக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.

கேள்வி: நான் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். மனைவி சண்டை போட்டுக்கொண்டு ஏழு வயது மகனோடு சென்னைக்குப் போய்விட்டாள். நான் அடித்தது கிடையாது. மகனை எப்படிப் பார்ப்பது?
ஒரு வாசகர், திருப்பூர்.

பதில்: மகன் வழக்கமாக எங்கே வசிக்கிறானோ அந்த ஊரில்தான் மனு போட வேண்டும், ஆகச் சென்னைக்குப் போக வேண்டியது நீங்கள். நேரில் பார்க்க முடியாதபோது வீடியோ காலிலாவது பேசவைக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதையும் மனுவில் கேளுங்கள். இதற்கிடையில் மாதாமாதம் மகன் செலவுக்குப் பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள், கையில் கொடுத்து அனுப்பினால் கணக்கில் நிற்காது. பள்ளிக்கூட வாசலில் போய் நிற்காதீர்கள். மகனைப் பார்க்க முதல் தடவை அனுமதி கிடைக்கும்போது தனியாகப் போங்கள், உங்கள் அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போகவேண்டாம்.