வாசகர் கேள்வி – பதில்: செல்லைக் காக்கும் கொழுப்பு, சாகச் சொல்லும் கொழுப்பு

கேள்வி: மைட்டோகாண்ட்ரியா செல்லுக்கு ஆற்றல் தருகிறது என்று படித்திருக்கிறேன். செல் சாவதும் அங்கிருந்துதான் தொடங்கும் என்கிறார் எங்கள் டீச்சர். எப்படி?
– பிளஸ் டூ மாணவி, ஏற்காடு

பதில்: உன் டீச்சர் சொன்னது சரிதான் கண்ணு. மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வு. உள்சவ்வில் இருக்கும் கொழுப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கார்டியோலிபின் என்ற ஒரே வகை. 1942இல் மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். சவ்வில் இருக்கும் மற்ற பாஸ்போலிப்பிடுகளுக்கு (பாஸ்பேட் சேர்ந்த கொழுப்புகள்) வழக்கமாக இரண்டு வால், அதாவது கொழுப்பு அமிலச் சங்கிலி, இதற்கு நான்கு. செல்லுக்கு ஆற்றல் எடுத்துத் தரும் சுவாசப் புரதங்கள் கூட்டாக நின்று ஒழுங்காக வேலை செய்ய இது வேண்டும். எலக்ட்ரானைச் சுமக்கும் சைட்டோகுரோம் சி என்ற சின்னப் புரதத்துக்கு நேர்மின்சுமை, கார்டியோலிபினுக்கு எதிர்மின்சுமை, அதனால் அந்தப் புரதம் முளையில் கட்டிய மாடு மாதிரி உள்சவ்வைச் சுற்றியே கிடக்கும்.

செல் சரிசெய்ய முடியாத அளவு கெட்டுப்போனால் கதையே மாறுகிறது. கார்டியோலிபினோடு ஒட்டிய சைட்டோகுரோம் சி வடிவம் மாறி, தன்னைப் பிடித்திருக்கும் அதே கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்ய ஆரம்பிக்கும், பிடி தளரும், அப்புறம் பாக்ஸ், பாக் என்னும் புரதங்கள் வெளிச்சவ்வில் போட்ட துளை வழியாக அது செல்லுக்குள் கசிந்து, கேஸ்பேஸ் நொதிகளை எழுப்பிவிடும். அவை செல்லை உள்ளிருந்தே பிரித்துப் போட்டுவிடும். வெளியே வந்த சைட்டோகுரோம் சி இப்படி மரணத்தைத் தூண்டுகிறது என்பதை 1996இல் ஷியாவ்டாங் வாங் குழு காட்டியது. வயிற்றுக்குள் இருக்கும்போது நம் விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வு மறைந்ததும் இந்த மாதிரித் திட்டமிட்ட செல் மரணத்தால்தான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரியா மட்டும் பழுதானால், உள்ளே இருக்க வேண்டிய கார்டியோலிபின் அதன் வெளிப்பரப்புக்கு வந்துவிடும். அதை அடையாளமாக வைத்து செல் அந்த ஒன்றை மட்டும் விழுங்கிச் செரித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். சாவுக்கு வழிவிடும் அதே கொழுப்பு, அதற்கு முன் பிழைக்கவும் ஒரு வாய்ப்புத் தருகிறது. புத்தகங்கள் கொழுப்பை வெறும் சுவராக எழுதிவிட்டுப் போவது எனக்கு வருத்தம்தான். டஃபாசின் மரபணு பழுதாகி இந்தக் கொழுப்பு சரியாக உருவாகாத ஆண் குழந்தைகளுக்கு பார்த் நோய் வருகிறது: இதயத் தசை பலவீனம், அடிக்கடி தொற்று.

கேள்வி: மருமகளுக்கு இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. டாக்டர் ஆன்ட்டி கார்டியோலிபின் டெஸ்ட் எழுதியிருக்கிறார். இதயத்தில் கோளாறா?
– ஒரு மாமியார், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: இல்லைம்மா, இது இதயத்தைப் பார்க்கும் டெஸ்ட் இல்லை. மேலே சொன்ன கொழுப்பையும் அதோடு சேரும் ஒரு ரத்தப் புரதத்தையும் எதிரியாக நினைத்து உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இருந்தால் ரத்தம் எளிதில் உறையும், நஞ்சுக்கொடி பாதிக்கப்படும், கரு தங்காமல் போகலாம். ஒரு தடவை பாசிட்டிவ் வந்ததும் முடிவு கட்டக் கூடாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உறுதியானால் ரத்தம் உறையாமல் இருக்க டாக்டர் ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் தருவார். அப்படிச் சிகிச்சை எடுத்து நல்லபடியாகப் பெற்றவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வி.டி.ஆர்.எல். டெஸ்டிலும் கார்டியோலிபின்தான் இருக்கிறது. அதனால் இந்த எதிர்ப்பொருள் உள்ள பெண்ணுக்கு அந்த நோய் இல்லாமலே அதில் பாசிட்டிவ் வரலாம். உறுதிசெய்ய வேறு டெஸ்ட் இருக்கிறது. அதன் முடிவு வருவதற்குள் வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியாவைப் பலப்படுத்தும் என்று ஒரு மாத்திரை விற்கிறார்கள். வாங்கலாமா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: டாக்டர் எழுதித் தராமல் வேண்டாம். நம் இதயத்தில் இருக்கும் கார்டியோலிபினின் வால்கள் பெரும்பாலும் லினோலெயிக் அமிலம். உடம்பால் அதைச் செய்ய முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். உங்கள் பேட்டைக் கடைகளில் கிடைக்கும் நல்லெண்ணெயிலேயே அது தாராளமாக இருக்கிறது.